டிராக்டரில் கட்டிய சிவப்புத் துணி

இந்த விசாரணை அறையில் ஏசி கொஞ்சம் அதிகம்தான். பரவாயில்லை, எங்கள் தலைமை அலுவலகத்தில் இதைவிடக் குளிரும். விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையோடு நின்றுபோனபோதும் அந்த ஏசி மட்டும் நிற்கவில்லை.

என் பெயர் சுப்ரமணியன். மும்பை மாட்டுங்காவில் வீடு. விமான நிறுவனத்தில் நம்பிக்கை மேம்பாட்டு மேலாளர். அப்படி ஒரு பதவி உண்டு. நிறுவனம் நொடிக்கத் தொடங்கியதும், தொழிலாளர்கள் நிர்வாகத்தை நம்பவில்லை என்று ஓர் ஆய்வு சொன்னது. நம்பும்படி நடந்துகொள்ளச் செலவாகும் என்பதால் என்னை நியமித்தார்கள். பெட்டி ஏற்றி இறக்குகிறவர்களில் பாதிப்பேர் தாராவித் தமிழர்கள். எனக்குத் தமிழ் தெரியும்.

மனமார உழைத்தேன். ஊழியர் பேருந்தை நிறுத்தியபோது அதற்கு ‘நலநடைத் திட்டம்’ என்று பெயர் வைத்தது நான்தான். கேன்டீன் டீயில் பால் குறைந்தபோது, பாலின் தீமைகள் பற்றிச் சுவரொட்டி ஒட்டினேன். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. நான் போனால் பேச்சு நின்றுவிடும். “பொய்யி வருதுலே, வழி விடு” என்று ஒருவன் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி பழுது என்றால் அதன் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும்; மேலாளரே ஆனாலும் வேறு யாரும் தொடக் கூடாது. துணி இல்லையென்றால், கட்டியவன் சரிபார்த்து அவிழ்த்துவிட்டான் என்று பொருள். என் சுற்றறிக்கை எதையும் நம்பாதவர்கள் ஒரு கந்தல் துணியை நம்பினார்கள். அது என்னைப் புண்படுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று நிறுவனத்தை வாங்க நினைக்கும் குழு பார்வையிட வருவதாக இருந்தது. விமானங்கள் நிற்கும் திடலின் வாசலுக்கு நேரே, பெட்டி வண்டிகளை இழுக்கும் டிராக்டர் ஒன்று சிவப்புத் துணியோடு நின்றது. முந்தைய நாள் மாரிசெல்வம் கட்டியது. அவனிடம் பதமாகத்தான் கேட்டேன்.

“பெரிய மனுஷங்க வர்றாங்கப்பா. பார்க்க நல்லா இல்லை. எடுத்துடேன்.”

“பிரேக்க மிதிச்சா காலு தரைக்குப் போவுது சார். நீங்க ஏறி ஒரு ரவுண்டு ஓட்டுங்க, இப்பவே அவுத்துடுதேன்.”

“நாளைக்கே சரி பண்ணித் தர்றேன். என்னை நம்பு.”

“பஸ்ஸ நிறுத்தும்போதும் நாளைக்கே வந்துரும்னுதான் சொன்னிய. இன்னும் சயான் சிக்னல் டிராபிக்லயா நிக்கி அது? இதையும் நம்புததுக்கு நாங்க என்ன பாகலா, பைத்தியமா சார்?”

எல்லாரும் சிரித்தார்கள். எங்களை அவமானப்படுத்தத்தான் துணி கட்டியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. சோதித்துப் பார்க்க மெக்கானிக் இல்லை. அவர்களை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். எல்லாரும் சாப்பிடப் போனதும் துணியை அவிழ்த்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டேன். காமிராவில் என் கை தெரிகிறது என்கிறீர்கள். என் கைதான்.

குழு வந்தது. திடல் பளிச்சென்று இருக்கிறது என்று பாராட்டினார்கள். எம்.டி. என் தோளைத் தட்டினார். அப்போதுதான் அடுத்த ஷிஃப்டுக்கு வந்த அபுதாஹிர் அந்த டிராக்டரை எடுத்தான். கிடங்குக்கு இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் பெட்டி வண்டிகள் தள்ள, நேரே கிடங்குச் சுவரில் மோதி அங்கேயே இறந்துபோனான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி ஷரீஃபுன்னிசா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாரிசெல்வத்தின் சட்டையைத்தான் பிடித்தாள்.

“ஏன் மாரியண்ணே அவுத்திய?”

“நான் அவுக்கல தங்கச்சி. அல்லா மேல சத்தியமா அவுக்கல.”

கூட நின்ற கூட்டாளிகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொன்னதை யாரும் நம்பாவிட்டால் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவன்மேல் அனுதாபம் வந்தது. ஆனாலும் துணியை அவிழ்த்தது அவனே என்றுதான் போலீசில் சொன்னேன். அவன் உள்ளே இருப்பது அதனால்தான்.

துணியை அவிழ்த்தது வெறும் கவனக்குறைவு என்று வாதாடலாம் என்கிறார் என் வக்கீல். அவர் சொல்வதற்காக நான் பாதியில் நிறுத்த மாட்டேன். டிராக்டரில் ஏறுமுன் அபுதாஹிர் என்னிடம் வந்தான்.

“சார், நேத்து இதுல துணி கெடந்துச்சே. மாரியண்ணன் பாத்துட்டுத்தானே அவுத்தாரு?”

எம்.டி.யும் குழுவும் அருகிலேயே நின்றார்கள்.

“ஆமாப்பா. தைரியமா எடு.”

“நீங்க சொன்னா சரி சார்” என்று சிரித்தபடி ஏறி உட்கார்ந்தான்.

என் வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொண்ட முதல் தொழிலாளி அவன். அந்தப் பிரேக் மட்டும் பிடித்திருந்தால், மற்றவர்களும் மெல்ல எங்களை நம்பத் தொடங்கியிருப்பார்கள்.