பாஸ்புக்கில் முதல் பேர்

ஹலோ... ஹலோ... விஷ்வநாத் ஹை க்யா?... மே பாமா, பூனா ஸே... ஹாங், உஸ்கி தீதி... ஹாங் ஹாங், புலாயியே...

விச்சுவா? நான் அக்கா பேசறேன்... ரோஹிணிதான் நம்பர் குடுத்தா. ஆம்படையாளைத் திட்டாதே, நான்தான் பிடுங்கி வாங்கினேன்... சரி, சரி, யார்கிட்டயும் சொல்லலை. நீ டோம்பிவிலியில சிநேகிதன் ஆத்துல ஒளிஞ்சிண்டிருக்கேன்னு இங்க கட்கி முழுக்கத் தண்டோரா போடவா போறேன்?... சாப்பிட்டியா?... ம்...

கேளு. பேங்குல என் கணக்கை முடக்கிட்டா... என் கணக்குதான்டா! அம்முவுக்குக் காலேஜ் ஃபீஸ் எடுக்கப் போனேன். மேனேஜர் உள்ள கூப்பிட்டு உக்காத்தி வெச்சு, கோர்ட்டு ஆர்டர் வந்திருக்கு, ஒரு பைசா தர முடியாதுங்கறார்... ஆமா, உன் கடனுக்குத்தான்... ஆமா, ஆமா, அந்த ஃபைனான்ஸ் கம்பெனிதான்.

சொன்னேனே! சார், இது எங்காத்துக்காரரோட கிராஜுவிட்டி, ஃபாக்டரியில வெடிமருந்து நெடியில உழைச்சுட்டு, அனுபவிக்காமப் போன மனுஷனோட பணம், பொண்ணு படிப்புக்குன்னு வெச்சது, தம்பி காசு இதுல கிடையாதுன்னு. பாஸ்புக்கைத் திறந்து காட்டறார். முதல் பேர் உன் பேர். ரெண்டாவதுதான் நான்...

இல்லைடா, உன்னைக் குத்தம் சொல்லலை. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். உங்க பேரை முதல்ல போடட்டுமான்னு அந்த கிளார்க் கேக்கக்கூடக் கேட்டான். அத்திம்பேர் போனப்புறம் நமக்குன்னு இருக்கற ஆம்பளை நீதான், உன் பேர் மேல இருந்தாத்தான் மரியாதைன்னு நினைச்சேன். அசடு...

ஒரு வக்கீலைப் பார்த்தேன், வழி இருக்குங்கறார். நீ வந்து, இதுல என் பணம் ஒண்ணும் இல்லை, அத்தனையும் அக்காவோடதுன்னு எழுதிக் குடுத்தா, அதை வெச்சுண்டு கோர்ட்டுல கேக்கலாமாம். ஒரு கையெழுத்துடா. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா அம்முவோட சீட்டு போயிடும்... என்ன?... ஏன் முடியாது?... பயப்படாதே, வக்கீல் கூடவே இருப்பார்...

என்ன சொன்னே?... திருப்பிச் சொல்லு... என் பாஸ்புக்கையா?... அதைக் காட்டி, 'என் சேமிப்பு'ன்னு எழுதிக் குடுத்துத்தான் கடன் வாங்கினியா?...

இரு, இரு... எப்போ நடந்ததுன்னு இப்பப் புரியறது.

போன ஆவணி அவிட்டத்தன்னிக்கு. பூணல் மாத்திண்டு நேரா இங்க வந்தே. பக்கத்தாத்து மராட்டிக்காராளைப் பார்த்து நானும் வருஷா வருஷம் கட்டற ராக்கியைக் கட்டினேன். போளி சாப்பிட்டே. 'எண்ட்ரி போட்டுண்டு வரேங்கா'ன்னு பாஸ்புக்கை வாங்கிண்டு போனே. அப்பத்தானேடா?... ராக்கி கையில இருக்கும்போதேவா?...

அழாதே... புரியறது. இப்போ இது அக்கா பணம்னு எழுதிக் குடுத்தா, அப்போ எழுதினது பொய்னு ஆயிடும். மோசடி கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவா... ஆமா... ஆமா, ரோஹிணி பாவம்தான்... நான் வாயை மூடிண்டு இருந்தா நீ தப்பிப்பே, அதானே? ரெண்டு வருஷத்துல திருப்பித் தரேங்கறே. எதுலேர்ந்துடா தருவே?

அத்திம்பேர் இருந்தா மன்னிப்பார்னு சொல்லாதே! மன்னிப்பார், எனக்குத் தெரியும். அதனாலதான் வயிறு எரியறது...

இல்லை, விச்சு. வக்கீல்கிட்ட நடந்ததைச் சொல்லத்தான் போறேன்... உன்னை உள்ள தள்ள எனக்கு மட்டும் ஆசையா? தூக்கி வளர்த்தவடா நான்... உனக்காக நான் வேணா பட்டினி கிடக்கறேன். அம்மு எதுக்குப் படிப்பை விடணும்?...

சொல்லு, என்ன வேணா சொல்லு... அக்காவே இல்லையா? சரி...

நாளைக்கு ஆவணி அவிட்டம். ராக்கி வாங்கி வெச்சுட்டேன்டா, பேங்குக்குப் போறதுக்கு முன்னாடியே... வருவியா?... கட்டிண்டப்புறம் வக்கீல்கிட்ட போகலாம், நான் கூட வரேன்... விச்சு?... ஹலோ?... ரெண்டு பேருமாப் போகலாம்டா... ஹலோ... ஹலோ...