ஆத்துக்குள்ள மூணு எருமை

…ஒத்தப் பைசா வரலியே டாக்டரம்மா! கொரோனாவுக்குன்னு மாடு வச்சிருக்கவங்களுக்கெல்லாம் கவருமெண்டு பணம் போட்டுச்சு. தெருவுல அம்புட்டுப் பேருக்கும் வந்துட்டு. இந்த முத்துராணிக்கு மட்டும் இல்ல. நாங்க என்ன கழுதையா வளக்கோம்? மூணும் எருமை!… நீங்களாச்சும் மாட்டாஸ்பத்திரில இருந்து வந்தியளே, உக்காருங்க. இந்த மோரக் குடிங்க. மாஸ்க்க எறக்கிட்டுக் குடிக்கணும், பாத்து.

ஊரடங்குல பட்ட பாடு இருக்கே… கல்லிடைக்குறிச்சியில டீக்கடை பூரா அடைச்சுட்டான். கல்யாணம் கிடையாது, கோயில் கொடை கிடையாது. யாரு பால் வாங்குவா? எருமைக்குத் தெரியுமா ஊரடங்கு? அது பாட்டுக்குச் சொரியுது! உறைய ஊத்துனேன், கடைஞ்சேன், நெய் உருக்குனேன். எங்க வீட்டு அவுக தோசைக்கு நெய், சோத்துக்கு நெய், கடைசில முட்டிவலிக்கும் நெய்யத் தேச்சுக்கிட்டு அலைஞ்சாக. நெய்யக் குடுத்தா பிண்ணாக்கு தருவானா கடைக்காரன்? என் கம்மல் பாங்குக்குப் போச்சு. இன்னும் மீட்டபாடில்ல. இன்னா பாருங்க, காதுல வேப்பங்குச்சி!

எதுத்த வீட்டுப் பேச்சிராஜுக்கு வந்துட்டே! அவன்ட்ட இருக்கது ஒரு கிழட்டுப் பசு. கால் படி கறக்கும், அதும் மனசு வந்தாத்தான். அந்தப் பணத்துல மாட்டுக்கு ஃபேன் வாங்கி மாட்டிருக்கான். எனக்கு வயிறெரியாதா?

யாரு எழுத வந்தான்னு கேக்கியளா? போன வருசம் மாட்டுக் கணக்கெடுக்க ஒரு சார் வந்தாரு. வாசல்ல நின்னு, ‘எத்தன உருப்படிம்மா?’ன்னு கேட்டாரு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா! யாராச்சும் சொல்லுவாளா? கண்ணு படாது? ‘எல்லாத்தையும் வித்தாச்சு சார்’ன்னேன். எழுதிட்டுப் போயிட்டாரு! ஒரு பொம்பள சொன்னா அப்படியே நம்பிருததா? தொழுவுல எட்டிப் பாக்க வேண்டாமா?… பாத்தாலும் இருந்திருக்காது, அது வேற விசயம். அவரு தெருமுக்குல வரும்போதே எங்க வீட்டு அவுக கொல்லப் பக்கமாப் பத்திட்டுப் போயி ஆத்துல எறக்கிட்டாக. மூணும் மூக்க மட்டும் நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு.

சிரிக்கிய! எங்க மதினி ஒருநாளு ‘என்னா மடி!’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா. மறுநாளே மடி கல்லாயிட்டு. நீங்க படிச்சவிய, கிருமின்னு சொல்லுவிய. அந்தக் கிருமி மதினி வந்த அன்னைக்குத்தான் வரணுமா?

சரி, அது கெடக்கட்டும். இப்ப ரெண்டாவது தடவையும் குடுக்காகளாம்லா. காதுல நம்பர் போட்ட மஞ்சத் தோடு குத்துன மாட்டுக்குத்தான்னாக. எருமைக்குத் தோடு குத்துங்க, என் கம்மலும் வீடு வந்து சேரட்டும்… எங்க எந்திரிச்சிட்டிய? தொழுவப் பாக்கணுமா? பைய, பைய… தொழுவுல இப்பம்… ஒண்ணும் இல்ல. உங்க ஜீப்புச் சத்தம் கேட்டுச்சா… ‘ஏங்க, ஆத்துக்குப் பத்துங்க’ன்னு வாய் தன்னால சொல்லிட்டு! ஐயையோ, பேனாவ மூடாதிய! கொல்லைக்கு வாங்க, ஆறு அங்கனதான்.

ஏங்க… ஏங்க! எருமையளக் கரையேத்துங்க!… அவுக பத்துனா தண்ணிய விட்டு வராது. நான் கூப்புட்டாத்தான் வரும். ஏ சுட்டி! ஏ மோழை! வா, வா!

அன்னா ஏறிட்டு! ஒண்ணு, ரெண்டு… ஐயோ, நானே எண்ணுதேன் பாருங்க. குத்துங்க, மூணுக்கும் குத்துங்க. எழுதியாச்சா? என்னது… ‘நல்லா வளத்திருக்கிய’ன்னா சொன்னிய? போச்சு! மாஸ்க்க எறக்கி மூணு தடவ துப்பிருங்க. கொரோனா நேரத்துல துப்பக் கூடாதா? துப்புங்க தாயி… அபராதம் போட்டா, வார பணத்துல நானே கட்டுதேன்.