உள்ளே ஆட்கள்: 0

சுவரில் ஒரு படம் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது, சார். அடுத்தவர் வீட்டில்கூட எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். என் மனைவிக்கு இதில் தீராத வெட்கம்.

என் வேலையும் ஏறக்குறைய அதுதான். ஆப்பிள் கிடங்கின் கட்டுப்பாட்டு அறைக் கணினியில் தெரியும் பெரிய ஜன்னல் நான் செய்தது. அதற்குள் நாலு பெட்டிகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டி நிரல். ஒன்று செத்தாலும் மற்றவை ஓடும். குளிர், காற்று, கதவு மூன்றையும் வேறு ஆட்கள் எழுதினார்கள். ஆட்கள் தேய்க்கும் கார்டை வைத்து, கிடங்குக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டும் நாலாவது பெட்டி மாப்பிள்ளை எழுதியது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான்.

நல்ல மனிதர். கைதான் அவசரக் கை. அவர் பெட்டி வாரத்துக்கு இரண்டு முறை படுத்துவிடும். படுத்தால் அந்த இடம் சாம்பல் நிறத்தில், பல் விழுந்த வாய் போலத் தெரியும். ஆபரேட்டர் அம்மா எனக்குத்தான் போன் போடுவார். "சார், உங்க ஸ்கிரீன் போச்சு." பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஆகவே ஒரு சிறிய திருத்தம் செய்தேன். பெட்டி செத்தால், அது கடைசியாகக் காட்டிய படத்தையே என் ஜன்னல் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டி தானாக எழுந்து வரும்வரை பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. புகார் நின்றது. மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். "செத்தவனுக்கு போட்டோ மாட்டுற மாதிரி இருக்கு மச்சான்" என்று சிரித்தார்.

அன்று காலை பத்தரைக்கு அவர் கட்டுப்பாட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். "பெட்டி படுத்துடுச்சு மச்சான். கார்டு தேய்க்கிற மிஷின்லதான் கோளாறு. உள்ள போய் பாத்துட்டு வரேன். நீங்க இருக்கீங்கல்ல?"

"போங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் போன சற்று நேரத்தில், திரையைப் பார்க்க வரவிருந்த விருந்தினர்களை அழைத்துக்கொண்டு முதலாளி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். பிடித்துப்போனால் பதினோரு கிடங்குகளுக்கு என் ஜன்னலை வாங்குவார்கள். காற்றை மாற்றுவதைக் காட்டச் சொன்னார். கதவு இறுக மூடும், நைட்ரஜன் நிரம்பும், பழம் பழுக்காமல் தூங்கும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சும் முட்டாது. குழாய் வாய்க்குப் பக்கத்தில் நிற்கும் மனிதனுக்கு இரண்டு மூச்சில் மயக்கம் வரும். கார்டு மிஷின் குழாய் வாய்க்கு நேர் கீழே இருக்கிறது.

ஆபரேட்டர் அம்மா பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு திரும்பினார். "உள்ள யாரும் இல்லையே சார்?"

உள்ளே ஆட்கள்: 0. பச்சை எழுத்தில், கோணல் இல்லாமல், நட்டநடுவில் இருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பூஜ்யம் செத்துப்போனது என்றும், ஏழு மாதமாக நான் பிணத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தேன் என்றும் அத்தனை பேர் முன்னால் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"ஸ்கிரீனப் பாருங்கம்மா" என்றேன். பார்த்தார். அழுத்தினார்.

அந்த அம்மாவை விட்டுவிடுங்கள். கண்ணால் கண்டதை நம்பினார், அவ்வளவுதான். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி எழுந்தால் அதுவே 1 என்று காட்டிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று இருபது நிமிடம் காத்திருந்தேன். அது எழவில்லை. விருந்தினர்களில் ஒருவர், பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். நன்றி சொன்னேன்.

மாப்பிள்ளை இறந்த மூன்றாம் நாள் தங்கை வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "அண்ணா, அவர் உள்ள இருக்கறது ஸ்கிரீன்ல தெரியலையா?"

"தெரியலம்மா" என்றேன்.

மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள் சார், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தங்கையிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் திரையைப் பற்றித்தான் கேட்டாள்.