கதவைக் கழற்றச் சொன்ன பரங்கிக்காய்

“ஹலோ... ஹலோ, ஹெலனக்கா, கேக்குதா? ... ஆமா, கதவத்தான் சொன்னேன். அறுப்புப் பண்டிகைக்கு முந்தின நாளே சர்ச்சு முன்கதவக் கழட்டி வெச்சிடணும். நான் கொண்டாரப் போற பரங்கிக்காய் அதுல நொழையாது. ... வெளாட்டு இல்லக்கா. கமிட்டில நீதான இருக்கற, சொல்லி வை. கடைசி நேரத்துல ஆசாரி கெடைக்கலன்னா எனக்குப் பேஜாரு.”

இதைச் சொன்னபோது பிரேம்நாத்தின் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில், அம்மா ஒரே ஒரு போகத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்த துண்டு நிலத்தில், தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகைக்குள் நின்றிருந்தான். எதிரே பலகையின் மேல் டீக்கடைக் காகிதக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மண், மண்ணுக்குள் ஒரு விதை. சொன்ன காயைச் சொன்னபடி சர்ச்சில் கொண்டுபோய் இறக்காவிட்டால், பண்டிகை முடிந்த திங்கட்கிழமை அவன் ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் வேலைக்குச் சேர வேண்டும். சாமுவேல் மாமா அங்கே பேசி முடித்துவிட்டார். பாட்டனி பட்டதாரியை ஷூவுக்குப் பசை தடவ விடக் கூடாது என்று அந்தப் பட்டதாரி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுமுனையில் இருந்தவள் பெரியம்மா மகள் ஹெலன். அதே ஃபேக்டரியில் தையல் லைன் சூப்பர்வைசர். வருஷா வருஷம் அந்தப் பண்டிகையில் சர்ச்சுக்குக் காணிக்கையாக வந்து ஏலம் போகிற பெரிய பரங்கிக்காய் அவள் வீட்டுக் கொல்லையில் காய்த்ததாகத்தான் இருக்கும்.

“... அவ்ளோ பெருசு எப்பிடி வருமா? விதைதான்க்கா, விதை. ... பேரணாம்பட்டுக் கடையிலயா? அய்ய. அமெரிக்காவுல இருந்து வரவழைச்சிருக்கேன். ஒரு மாசம் உக்காந்து பாத்து எடுத்தது. ஒவ்வொரு விதைக்கும் அம்மா காய் எது, அப்பா காய் எது, அதுங்களப் பெத்தது இன்னா எடைன்னு எல்லாம் போட்டிருப்பான். ... ஜாதகம் இல்லக்கா, பெடிகிரி. ... ரெண்டும் ஒண்ணு இல்ல. இது சயின்ஸு. ... ஆமா, பொருத்தம் பாத்துதான் எடுக்கணும். அம்மா வழி ஜாஸ்தியா இருந்து அப்பா வழி கம்மியா இருந்தா நான் வேணாம்னுட்டேன். ... ஆமா, கலரும் பாத்தேன். ... யாரு, நானா மாமியார் மாதிரி பேசறேன்?”

ஒரு கோப்பையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனான். கீழே வைத்தான்.

“இன்னொன்னு இருந்திச்சு, எடையெல்லாம் பிரமாதம். ஆனா அதோட தாத்தா காய் போட்டி அன்னிக்கே வெடிச்சிருக்குது. அந்தக் குடும்பமே வேணாம்னு விட்டுட்டேன். ... சிரிக்காத. வெடிக்கிறதெல்லாம் வம்சத்துல வரும்.

“... உன்னுதா? உன்னுது விதையாக்கா? சாணிக்குள்ள அமுக்கி, வறட்டி தட்டி, செவுத்துல ஒட்டி வெச்சிருக்கற. அது விதையா, வெறகா? ... சரி, பூச்சி வராது. மனுஷனே வர மாட்டான், பூச்சி எப்பிடி வரும்? அது பத்தாதுன்னு கொடியில பிஞ்ச செருப்பு வேற. ஸ்தோத்திரமும் சொல்ற, செருப்பும் கட்டற. ஒலகத்துக்கே ஷூ ஏத்துமதி பண்ற ஊருதான்க்கா இது. நம்ம கொடிக்கு மட்டும் திருஷ்டிக்கு அறுந்த செருப்பா? நல்லதா ஒரு ஜோடி கட்டு, பாக்கறவன் கண்ணு செருப்பு மேலயாவது போவட்டும். ... கைராசியா? விதைக்குக் கையும் தெரியாது, ராசியும் தெரியாது. போன ஞாயித்துக்கெழம யூத் மீட்டிங்ல இதத்தான பேசினேன். கைதட்டினாங்க இல்ல? ... நீயும் தட்டினியா? அப்பறம் இன்னா?”

அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. பிரேம்நாத் தொண்டையைச் செருமினான்.

“மொளச்சிடுச்சாவா... ம். ம். வந்துட்டே இருக்குது. ... பச்சையா? பச்சைன்னு சொல்ல முடியாது. உள்ளுக்குள்ள வேல நடக்குது.”

உள்ளுக்குள் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்க ஓர் ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறினான். விதை வந்தது. இரண்டு விரலால் அமுக்கினான். நன்றாக வெந்த வேர்க்கடலையைப் போல நசுங்கியது. வாசனையும் ஏறக்குறைய அதுதான்.

“... ஒண்ணும் இல்ல, தும்மினேன். சொல்லு.”

அடுத்த கோப்பையைக் கிளறினான். அதற்கடுத்ததையும்.

“... ஆமா, மேல ஒரு பல்பு போட்டிருக்கேன். நீ எப்போ பாத்த? ... பாக்கெட்லயே எழுதியிருக்குதுக்கா, விதைய வெதுவெதுன்னு வெச்சிருக்கணும்னு. ... தகரக் கொட்டாயிதான். ... கத்திரி வெயிலுதான், எனக்கு மட்டும் தெரியாதா? ... பகல்லயும்தான். ... அவன் ஊர்ல பனி பெய்யும்னு பாக்கெட்ல போடலியே.”

எட்டிப் பல்பை அணைத்தான். கொட்டகைக்குள் வெளிச்சம் குறைந்ததே தவிர சூடு குறையவில்லை. மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது.

“அக்கா... சாப்ட்டியா? ... சும்மாதான். ... கேக்கக் கூடாதா? ... உனுக்கு முதுகு வலி எப்பிடி இருக்குது? ... இல்ல, பணம் வேணாம். வந்து, அந்த வறட்டி இருக்குதில்ல. ... அதான், அந்த விதை. ஒரு ஆராய்ச்சிக்குத்தான். அதயும் இதயும் பக்கத்துல வெச்சு... இன்னா? எரிச்சிட்டியா? ... வென்னீர் அடுப்புலயா? எல்லாத்தயுமா? ... நான் சொன்னேன்னா? நான் மைக்கப் புடிச்சா வாய்க்கு வந்தத சொல்லுவேன். இத்தன வருஷத்துல நான் சொன்ன ஒண்ணயாவது நீ கேட்டிருக்கியா? இத மட்டும் ஏன்க்கா கேட்ட?

“... சரி, சரி, கத்தல. ஒண்ணு பண்ணு. செவுத்துல எங்கியாவது ஒண்ணு விட்டிருப்ப, போய்ப் பாரு. ... கோழிக்கூண்டுக்குப் பின்னாடி பாரு. ... நான் லைன்லயே இருக்கேன், நீ போ.”

காத்திருந்தான். ரோட்டில் பேரணாம்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மிச்சமிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். எல்லாம் ஒரே குடும்பம், வம்சத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. அம்மா வழியும் அப்பா வழியும் ஒன்றாக வெந்திருந்தன.

“... இருக்குதா? ஒண்ணா? ஒடையலியே? ... கோழி கொத்தினது ஓரந்தான, பரவால்ல. பத்திரமா பேத்து எடு. ... நான் வரட்டுமா? ... வேணாம், நான் எடுத்தா ஒடஞ்சிடும். நீயே கொண்டாந்திடு. ... சாயந்தரமா வா. வந்து, அப்பிடியே... நீயே ஊணிட்டுப் போயிடேன். ... சும்மாதான்க்கா. நீ ஊணினா நல்லா வருது. ... நான் கைராசின்னு சொன்னேனா? நான் சொல்லல. கைப்பழக்கம்னு வெச்சுக்க. ... ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. உங்க வூட்டுக்காரர்கிட்டகூட.

“... எது, கதவா? எந்தக் கதவு? ... குரூப்ல போட்டுட்டியா? சர்ச்சு குரூப்லயா? ... அக்கா, அத அழிச்சிடு. ... நான் சொல்லி வைன்னுதான் சொன்னேன், போட்டு வைன்னு சொல்லல. ... பாஸ்டர் ஐயா கட்டை விரலக் காட்டியிருக்காரா? ஆசாரி நம்பர் வேற குடுத்திருக்காரா? ... சாமுவேல் மாமா? ... சிரிக்கிற பொம்மை மட்டுமா? கூட ஒண்ணும் எழுதலியா? ... ‘திங்கட்கெழம பாக்கலாம்’னா?

“ஹலோ... அக்கா, சாயந்தரம் வந்திடுவ இல்ல? ... ஹலோ... ஹெலனக்கா...”

அவள் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டிருந்தாள்.

பிரேம்நாத் போனை ஜோபியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். நிலத்தின் நடுவே ராட்சதக் கொடிக்காக வெட்டி, தொழு உரம் போட்டு, நீர் பாய்ச்சி வைத்திருந்த குழி வெறுமையாகக் கிடந்தது. ரோட்டுப் பக்கம் பார்த்தான், யாருமில்லை. வேலிப் பக்கம் பார்த்தான், ஓர் ஆடு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அது திரும்பும்வரை நின்றான். பிறகு இடது காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றினான். போன வாரம் வாங்கிய புதுச் செருப்பு. அதை வேலிக்கல்லின் மேல் வைத்து, வாரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அறுகிறவரை இழுத்தான். குழிக்கு எதிரே ஒரு குச்சியை நட்டு, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் முதலில் அது படும்படியாகக் கட்டினான்.

பிறகு ஒற்றைச் செருப்போடு, கொதிக்கிற மண்ணில் நொண்டிக்கொண்டே வண்டியை நோக்கிப் போனான்.