தண்ணி என்ற பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, உடன் பணிபுரியும் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அவனுடைய அம்மா, அப்பா, அவன் எப்படியும் தாமதமாக வந்துவிடுவான் என்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களே, வணக்கம்.

நான் புள்ளியியல் கற்பிப்பவள். மேடைப் பேச்சு எனக்கு வராது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நூலகப் படிக்கட்டில் சரிந்து விழுந்து இறந்துபோன மாணவரை, குடிப்பழக்கத்தைக் குறைக்க நம் கல்லூரி மாணவர்களே நடத்தும் குழுவின் தலைவரை, முழுப் பெயர் சொல்லிப் பாராட்டத்தான் எழுதி வந்தேன். அவருடைய அம்மா தடுத்துவிட்டார். “தண்ணின்னே சொல்லுங்க மேடம். அந்தப் பேருக்குத்தான் அவன் திரும்பிப் பார்ப்பான்.”

தண்ணி! குடிக்காதவனுக்கு இப்படி ஒரு பெயர்! எந்தக் கொண்டாட்டமானாலும் பெரிய தண்ணீர் பாட்டிலோடு போய் நடுவில் உட்கார்ந்துகொள்வான். “டேய், தண்ணி வந்துட்டான்டா, இனிமே தண்ணியடிச்ச மாதிரிதான்!” என்று கத்துவார்கள். “அடிங்கடா, யார் வேணாம்னா? ஒரு ரவுண்டு அது, ஒரு ரவுண்டு இது” என்று பாட்டிலை நீட்டுவான்.

என்னைக் குழுவின் பொறுப்பாசிரியை ஆக்கியபோது எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததா? இல்லை. பையன்கள் சொல்லிப் பையன்கள் கேட்பார்களா என்றுதான் நினைத்தேன். குழுவால் பலன் உண்டா என்று அளந்து முதல்வருக்கு அறிக்கை தர ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். முதல் கேள்வி: ‘நீங்கள் மது அருந்துவீர்களா?’ இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ‘இல்லை’ என்று எழுதினார்கள். தண்ணி அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தான்.

“வாழ்த்துகள் மேடம்! நம்ம காலேஜ்ல டீகூட யாரும் குடிக்கிறதில்ல போல.”

“சரி, வேற எதைக் கேக்கணும்?”

“சாப்பிட்டியான்னு கேளுங்க. எப்படி ரூமுக்குப் போவன்னு கேளுங்க. எவ்வளவு குடிச்சேன்னு அவனே சொல்லுவான்.”

செவ்வாய்க்கிழமை வாயிற்காவலர் எனக்குப் போன் செய்தார். “மேடம், தண்ணி... படிக்கட்டுல விழுந்துட்டான்.”

நான் என்ன கேட்டேன் தெரியுமா? “யாரு? எவ்வளவு குடிச்சிருந்தான்?” என்று கேட்டேன். பட்டப்பகல் பதினொரு மணி என்பதுகூட உறைக்கவில்லை. இரண்டு வருடமாக அவனைக் கூப்பிட்ட சொல், அந்த நிமிடம் எனக்கு வேறு பொருளில்தான் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: “நம்ம தண்ணி, மேடம். நம்ம தண்ணி.”

இருபத்தொரு வயது. பிறவியிலேயே இதயத்தில் ஒரு குறை, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவன் உடலில் ஒரு சொட்டு மதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நானே அப்படிக் கேட்டேன் என்றால் மற்றவர்கள் கேட்காமல் இருப்பார்களா? இரண்டு நாளாகக் கேண்டீனில் அந்த முணுமுணுப்பு ஓடுகிறது. அம்மா, அப்பா, அதைத் தொடங்கியவர் யாராக இருந்தாலும், முதலில் கேட்டவள் நான். என்னை மன்னியுங்கள்.

திங்கட்கிழமை அவன் என் அறை வாசலில் நின்று கேட்டான்: “மேடம், உங்க ரிப்போர்ட்ல நாங்க பாஸா ஃபெயிலா?”

“வியாழக்கிழமை தெரியும், போ” என்றேன்.

இன்று வியாழக்கிழமை.

யாரிடம் சொல்வேன்? ‘ஆதாரம் போதாது; குழுவை நிறுத்தலாம்’ என்று எழுதி வைத்திருந்தேன். முதல்வர் அவர்களே, ஆதாரம் இப்போதும் போதாது. துக்கத்துக்காக எண்களை மாற்றி எழுத எனக்குத் தெரியாது. அவனும் அதை ஒப்பமாட்டான். ஆனால் தவறான கேள்வியைக் கேட்டவள் நான். கடைசி வரியை அடித்துவிட்டேன். குழுவுக்கு இன்னும் ஒரு வருடம் கேட்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்திலுள்ள குழுவின் அறை வழக்கம்போல நாலு மணிக்குத் திறந்திருக்கும். அவனுடைய பாட்டில் நிரம்பியிருக்கும். மேஜைக்குப் பின்னால் அவன் குழுவோடு நானும் உட்கார்ந்திருப்பேன். யார் வந்தாலும், எந்த நிலையில் வந்தாலும், “சாப்பிட்டியா?” என்றுதான் முதலில் கேட்பேன்.