இரண்டு விரல் கனம்

பெடலைப் பார்த்தாலே வண்டி ஓட்டுகிறவரின் நடையை நான் சொல்லிவிடுவேன், ஐயா. குதிகாலை ஊன்றி மிதிப்பவருக்கு ரப்பர் கீழ்ப்பக்கம் தேயும். அவசரக்காரருக்கு ஓரம் தேயும். பாலக்கரையில் பட்டறை போட்டுப் பதினெட்டு வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜீயபுரம் வெள்ளைச்சாமி அண்ணனின் சங்கதி வேறு. சின்ன வயதில் வாழைத்தோப்புக் கிணற்றில் விழுந்ததில் அவருக்கு வலது கால் இரண்டு விரல் அளவு குட்டை. 1952-இல், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. என் பட்டறை வாசலில் வந்து நிறுத்தியபோது ஆளுக்குச் சட்டையெல்லாம் வியர்வை.

"தாஜுதீன் பாய், ஆக்ஸிலேட்டர நுனிக்காலால சமாளிச்சுடறேன், பிரேக்கு முழுசா எட்ட மாட்டேங்குது. சீட்ட முன்னால தள்ளினா வயிறு இடிக்குது. ஏதாவது பண்ணிக் குடுங்க."

பழைய லாரி டயரை அறுத்து, இரண்டு விரல் கனத்தில் ஒரு கட்டை செய்து பிரேக் பெடலின் மேல் பொருத்தினேன். பதினோரு வருஷத்தில் அதை நான்கு முறை மாற்றியிருக்கிறேன். பெடல் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், உள்ளே அச்சைச் சுற்றித் தேய்ந்துபோன பித்தளை புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கடைந்து போடுவேன். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்ற பிறகு அந்த வண்டியில் பாதி என் கையால் செய்தது. அவர் ஓட்டினார், அவ்வளவுதான். அது யாருடைய வண்டி என்று நீங்களே சொல்லுங்கள்.

போன மாசி மாதம் வந்தார்.

"வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன் பாய். மெட்ராஸ்காரர் ஒருத்தர் பெருமாள் சேவிக்க ஸ்ரீரங்கம் வராரு. ஞாயித்துக்கிழம பாக்குறாராம். கம்பெனியிலேருந்து வந்த மாதிரியே இருக்கணுங்கறாரு."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் "சரிங்கண்ணே" என்றேன். கட்டையைக் கழற்றினேன். வண்டியோடு வந்து டூல் பெட்டியில் கிடந்த அசல் ரப்பரைத் துடைத்துப் போட்டேன். புஷ்ஷும் புதிதாகக் கடைந்தேன். அவ்வளவு நேர்த்தியான வேலையை அதற்கு முன் நான் செய்ததில்லை.

சனிக்கிழமை வண்டி எடுக்க வந்தவர் பிரேக்கில் காலை வைத்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"கட்டைய போட்டுக் குடுங்க பாய். அங்க போய் நானே கழட்டிக்கிறேன்."

"அத தூக்கிப் போட்டுட்டேன்ணே. கொஞ்சம் எட்டி மிதிங்க, பழகிடும்."

கட்டை அவர் தலைக்கு மேலே அலமாரியில்தான் இருந்தது. வாசலில் இரண்டு முறை எட்டி மிதித்துப் பார்த்தார். வண்டி நின்றது. நினைத்து மிதித்தால் நிற்கும். திடுக்கென்று மிதிக்கும்போது கால் பழைய இடத்தைத்தான் தேடும். இது எனக்குத் தெரியும். அவர் என்னை நம்பிப் போனார்.

மறுநாள் காலை காவிரிக்கரை ரோட்டில், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வீரமலை என்பவனின் மாட்டுவண்டி தோப்பிலிருந்து குறுக்கே திரும்பியிருக்கிறது. அண்ணன் அதில் இடிக்காமல் ஒடித்துப் புளியமரத்தில் மோதினார். அங்கேயே உயிர் போய்விட்டது. "அவரு தல திடீர்னு கீழ எறங்கிருச்சு பாய். மயக்கம்னு நெனச்சேன்" என்றான் வீரமலை. மயக்கமில்லை. சீட்டிலிருந்து சறுக்கிக் கீழே இறங்கி பிரேக்கைத் தேடியிருக்கிறார்.

அவர் சம்சாரம் பொன்னுத்தாய், "இது என் கண்ணுல படவே கூடாது, நீங்களே கொண்டுட்டுப் போயிடுங்க" என்று அழுதார்கள். நானாகக் கேட்கவில்லை. கொண்டுவந்து முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினேன். வண்டி இப்போது என் பட்டறையில் பத்திரமாக இருக்கிறது.

அதோடு போயிருக்கும். ஆனால் போன வாரம் ஸ்டேஷனில், இந்த விபத்தைப் பற்றிய உங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினார்கள். பெடல் தேய்ந்து, பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. அண்ணனை நினைத்துத்தான் உருகுகிறேன் என்று என் வீட்டில் ஷரீபா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதோ அந்தக் கட்டை. பெடலையும் அச்சோடு கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். ஆட்டிப் பாருங்கள், மயிரிழை ஆடாது. வெள்ளைச்சாமி அண்ணனைக் கொன்றது நான்தான் ஐயா, அதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். என் பிரேக்கில் பழுது இல்லை என்று முதலில் எழுதுங்கள்.