ராணி குளிக்காத செங்கால்குளம்

ரூபாய் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கடனை ஏட்டில் ஏற்றாமல் ஒரு படகோட்டியின் நாவில் ஏற்றிவைத்தவரே, முப்பத்தோராண்டுப் பணியில் பதினோராண்டைச் செங்கால்குளத்துப் படகுத்துறையில் கழித்து இன்று ஓய்வு பெறும் எங்கள் பொறுப்பாளரே, பெருமதிப்புக்குரிய யாக்கூப் அவர்களே, வணக்கம்.

சாரலில் நனைந்த சட்டையோடு சாவியெடுத்துத் திறந்து, சாயங்காலம் கடைசிப் படகு கரையேறும்வரை காத்து நின்றவர் தாங்கள். லைஃப் ஜாக்கெட்டின் வார் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்த பிறகே படகை விட்டவர் தாங்கள். பெருமைகளை எல்லாம் அடுக்கினால் மேடையிலேயே பொழுது சாய்ந்துவிடும். படகோட்டி பலவேசத்தின் கடனை மட்டும் சொன்னால் போதும். மற்றதெல்லாம் அதிலேயே அடங்கிக் கிடக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம். குற்றாலத்து அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் நாற்பத்தாறு பேர் தொங்கிய முகத்தோடு நம் குளத்துக்கு வந்து இறங்கினார்கள். பலவேசம் குளத்து நடுவே நிற்கும் இரண்டு கல்தூண்களைக் காட்டி, அந்தக் காலத்து ராணி தோழிகளோடு குளித்த இடம் அது என்றார். கிட்டே கூட்டிப்போய்க் காட்டத் தலைக்கு நாற்பது ரூபாய் தனியாக வாங்கினார். அந்த ராணியைப் பெற்றவரும் அவரே, வளர்த்தவரும் அவரே.

பத்தாம் நாள், பிள்ளைகளைக் கூட்டிவந்த மீனா டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. எந்தப் புத்தகத்திலும் இந்த ராணி இல்லை, பிள்ளைகள் நோட்டில் எழுதிவிட்டார்கள், நாற்பத்தாறு நோட்டிலும் நான் எப்படி அடித்துத் திருத்துவது என்று கேட்டிருந்தார். பலவேசத்தை நிறுத்திவிடும்படி மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அன்றாடக் கூலிக்காரருக்கு அதை விட்டால் வேறு பிழைப்பில்லை. தாங்கள் அவரைக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

"யாருவே அந்த ராணி? எந்த ஊர்க்காரி?"

"தெரியாது பாய். வாரவங்க கேக்குதாங்க, சொல்லுதேன்."

"இல்லாத ராணியை எதுக்குவே குளிப்பாட்டுதீரு?"

டிக்கெட் கொடுக்கும் முத்துவடிவு சும்மா இருக்கவில்லை. "நாப்பது ரூவாயில ராணிக்குச் சோப்பும் சேர்த்தியா அண்ணாச்சி?" என்றார். பலவேசம் நிமிரவில்லை. கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"கூலியில பிடிச்சா உம்ம வீட்டுல அடுப்பு எரியாது. நீரு நாளைக்கும் ராணிக்குத் தண்ணி ஊத்துவீரு" என்றீர்கள்.

தங்கள் செல்போனிலிருந்தே முழுத் தொகை ஆயிரத்து எண்ணூற்று நாற்பதையும் டீச்சருக்கு அனுப்பினீர்கள்; அது பலவேசம் தங்களுக்குப் பட்ட கடனாயிற்று. இனி இவர் இல்லாததைச் சொன்னால் அதற்கு நான் பொறுப்பு என்று மேலிடத்துக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். அன்றிலிருந்து பலவேசம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையிலும் தங்கள் வேலையும் தொங்கிக்கொண்டிருந்தது.

குளம் வற்றிய அடுத்த சித்திரையில் அவரைக் காய்ந்த சேற்றின் மேல் நடத்திக் கூட்டிப்போனீர்கள். தூண்களுக்கு நடுவே தரையில் ஒரு கல்தொட்டி, அதில் ஒரு துளை, துளைக்கு அடியில் வயலுக்குப் போகும் வழி. குளம் நிறைந்து நிற்கையில் ஒருவன் மூச்சடக்கி முங்கி அந்த அடைப்பைத் தூக்கினால்தான் மேலகரத்துப் பக்கத்து வயல் நனையும். தூணில் கை பற்றும் இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பலவேசம் அதில் கை வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

"ராணி குளிக்கல வே. உம்மளப் போல ஒரு கூலிக்காரன் முங்கியிருக்கான்."

தூணின் மேலே ஏதோ எழுத்து இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். "பழைய எழுத்து, எனக்கும் தெரியாதுவே. இந்த எழுத்துக்கு முன்னால நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றீர்கள். எழுத்தறியாதவர் என்ற கூச்சம் பலவேசத்துக்கு அன்று அங்கேயே கழன்றது. ஐம்பத்திரண்டு வயதில், தீர்ந்துபோன டிக்கெட் கட்டின் அட்டையில் அவர் 'அ' போட்டுப் பழகினார்.

கரையேறும்போது கடனுக்கும் வழி சொன்னீர்கள்: "ஒரு தடவை படகு போயி வந்தா ஒரு ரூவா கழியும். உள்ளதச் சொல்லும்."

உள்ளதைச் சொல்லச் சொல்ல டிப்ஸ் குறைந்தது. சிலர் கொட்டாவி விட்டார்கள், சிலர் ராணியைத் தேடினார்கள். போன ஆண்டு மழை பொய்த்துப் பாதி சீசன் படகே ஓடவில்லை. தாங்கள் ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க, கடன் தீராமலே போய்விடுமோ என்று அவருக்குத் தூக்கம் கெட்டது. நேற்று மாலை கணக்குப் பார்த்தார். கழிந்தது ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பது, பாக்கி ஒரு ரூபாய்.

இன்று காலை தாங்கள் முத்துவடிவிடம் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தீர்கள். பதினோராண்டில் முதல்முறையாகப் படகில் பயணியாக உட்கார்ந்தீர்கள். தூண்கள் பக்கத்தில் வந்ததும், முன்பின் தெரியாதவர் போலக் கேட்டீர்கள்.

"ஏன் அண்ணாச்சி, இங்கன ஏதோ ராணி குளிச்சாளாமே?"

"அப்படி யாரும் குளிக்கல சார். ஒருத்தன் முங்கினான். பேரு தெரியாது. தண்ணி வயலுக்குப் போச்சு."

தாங்கள் "சரிவே, கழிஞ்சுது" என்றீர்கள்.

நேர்மையை நீட்டி முழக்காமல் நடந்து காட்டிய நல்லவரே, தங்கள் சொந்த ஊர் வடகரைத் தென்னந்தோப்பில் காலாற நடந்து, நோய் நொடியின்றி நூறாண்டு தாங்கள் வாழ வேண்டும். சாரல் விழும் ஒவ்வோர் ஆனியிலும் இந்தக் கரைக்கு ஒருமுறை வந்து போக வேண்டும். வந்தால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்; அது தாங்கள் போட்ட சட்டம்.

இங்ஙனம்,
செங்கால்குளம் படகுத்துறைப் பணியாளர்கள்

முத்துவடிவு, டிக்கெட் கவுண்டர்
சங்கிலிப்பாண்டி, காவல்
பலவேசம், படகு. பாக்கி இல்லை.